உப்புக் காற்றும் கணிப்பொறித் திரையும்

திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டிய சந்து ஒன்றில், சிறிய கடைசல் பட்டறை ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கார்த்திகை மாதக் காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. வேலைக்கு வந்த பையன் கணிப்பொறியால் இயங்கும் பழைய கடைசல் எந்திரத்தின் சுவிட்சைப் போடுகிறான். எந்திரம் உறுமுகிறது. ஆனால் அதன் திரையில் எழுத்துகள் கலங்கி, புகை படிந்தாற்போல் தெரிகின்றன. பெட்டிக்குள்ளிருந்து 'உஸ்' என்று ஒரு சீற்றம். மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை.

"அண்ணே, டியூப் போயிடுச்சு போல" என்கிறான் பையன்.

முதலாளிக்கு வயிறு கலங்குகிறது. வெட்டும் உளி எங்கே நிற்கிறது, எவ்வளவு ஆழம் இறங்கப்போகிறது என்பதையெல்லாம் அந்தத் திரைதான் காட்டுகிறது. திரை இல்லையென்றால், பல இலட்சம் ரூபாய் எந்திரம் கண்ணிழந்த யானையைப் போன்றதுதான். கண்ணாடிப் படக்குழாய் செய்வதைப் பெரிய நிறுவனங்கள் எல்லாம் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய குழாய்க்கு எங்கே போவது?

ஆனால் ஒரு விந்தை. பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் படம் தானாகவே தெளிந்துவிடுகிறது! மறுநாள் காலை மீண்டும் அதே கலக்கம். பையன் சொன்னது சரிதானா? குற்றவாளி படக்குழாய்தானா? இந்தப் புதிரை விடுவிக்க வேண்டுமானால், முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் உருவாக்கிய குழாயே இன்றைய படக்குழாய்க்கு மூதாதை. புனல் போன்ற கண்ணாடிக் கூடு. அதற்குள் காற்றே இல்லாத வெற்றிடம். புனலின் கழுத்துப் பகுதியில் எலெக்ட்ரான் துப்பாக்கி இருக்கிறது. அதிலுள்ள எதிர்முனையைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. குழாயின் முகப்பில் பல்லாயிரம் வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. அது எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கிறது. அவை பாய்ந்து சென்று முகப்பின் உட்புறத்தில் பூசிய ஒளிர்பொருளின் மீது மோதுகின்றன. மோதிய இடத்தில் ஒளிப்புள்ளி தோன்றுகிறது.

ஒரே புள்ளியைக் கொண்டு படம் வரைவது எப்படி? கோலப்பொடியை விரலிடுக்கில் பிடித்துக் கையை நகர்த்துவது போல, எலெக்ட்ரான் கற்றையை நகர்த்த வேண்டும். இதற்காகக் கழுத்தைச் சுற்றி இரண்டு சோடிக் கம்பிச் சுருள்கள் உள்ளன. மெக்கானிக்குகள் இதனை 'யோக்' என்பார்கள். ஒரு சோடி கற்றையை இடமிருந்து வலமாக இழுக்கிறது. மற்றொரு சோடி அதை மேலிருந்து கீழே இறக்குகிறது. சாதாரண வி.ஜி.ஏ. வகைத் திரையில், கற்றை ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 31,500 கோடுகள் வரைகிறது. அதே வினாடியில் 60 முறை மேலிருந்து கீழே இறங்குகிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு படத்திற்கு 525 கோடுகள். அவற்றில் நம் கண்ணுக்குத் தெரிவன 480.

இங்கே ஒரு சிக்கன ஏற்பாட்டையும் கவனியுங்கள். முகப்புக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைத் தனியாக உண்டாக்குவதில்லை. கற்றை வலக் கோடியிலிருந்து இடக் கோடிக்குச் சட்டென்று திரும்பும் ஒவ்வொரு முறையும், அந்தச் சுற்றில் எழும் மின்துடிப்பையே ஒரு மின்மாற்றியின் வழியாக உயர்த்திக்கொள்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் ஈ.எச்.டி. என்று சொல்வது இதைத்தான். நிறத்திரைகளில் இந்த மின்னழுத்தம் 25,000 வோல்ட்டை நெருங்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் பயன்படும்.

திரை எழுதும் கடிதம்

நோயாளியின் நாக்கையும் கண்ணையும் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடும் வைத்தியர்கள் உண்டு. பழுதான திரையும் தன் நோயைத் தன் முகத்திலேயே எழுதிக் காட்டுகிறது. பெட்டியைத் திறக்காமலே அதைப் படிக்கலாம்.

நிறம் மாறிப்போனால்: வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா? நீல நிறக் குறிப்பு வந்து சேரவில்லை என்று பொருள். வெள்ளை நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. வெள்ளை கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போல் ஆனால் பச்சை வரவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வெவ்வேறு கம்பிகளின் வழியாகவே வருகின்றன. எனவே முதல் சந்தேகம் கம்பிவடத்தின் மீதும் அதன் முனையிலுள்ள ஊசிகளின் மீதும்தான் விழ வேண்டும். வடத்தை மெல்ல அசைக்கும்போது நிறம் வந்து வந்து போனால் ஐயமே வேண்டாம்.

நடுவில் ஒரே கிடைக்கோடு தெரிந்தால்: கற்றை இடவலமாக ஓடுகிறது, ஆனால் கீழே இறங்கவில்லை. செங்குத்தாக நகர்த்தும் சுற்று நின்றுவிட்டது. படக்குழாய் நன்றாகவே இருக்கிறது. இந்த நிலையில் உடனே ஒளியைக் குறைத்துவிட்டு எந்திரத்தை நிறுத்துங்கள். கற்றையின் முழு வலிமையும் ஒரே கோட்டின் மீது விழுவதால், ஒளிர்பொருள் கருகி நிலையான வடு ஏற்பட்டுவிடும்.

இப்போது ஒரு கேள்வி எழலாம். கிடைக்கோடு அடிக்கடி தோன்றுகிறதே, செங்குத்துக் கோடு ஏன் மிக அரிதாகவே தோன்றுகிறது? மேலே சொன்ன சிக்கன ஏற்பாட்டில் விடை இருக்கிறது. இடவல ஓட்டச் சுற்று நின்றால் உயர் மின்னழுத்தமும் கூடவே நின்றுவிடும். கோடு தெரிய வழியில்லை. திரை முழுவதும் இருண்டுவிடும். சுற்று இயங்கிக்கொண்டிருக்க, சுருளின் இணைப்பு மட்டும் அறுந்தால்தான் செங்குத்துக் கோடு தோன்றும்.

படம் சுருங்கினால், ஓரங்கள் பாம்பு போல நெளிந்தால்: மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்தேக்கிகள் தளர்ந்திருக்கலாம். இவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்து இது வற்றிவிடுகிறது. பிறகு இவை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய இயலாமல் போகின்றன.

மூலைகளில் நிறத்திட்டுகள் தோன்றினால்: நிறப் படக்குழாயின் உள்ளே நுண்ணிய துளைகள் கொண்ட உலோகத் தகடு ஒன்று உண்டு. அது காந்தமாகிவிட்டது. அருகில் ஒலிபெருக்கியோ மோட்டாரோ இருக்கிறதா என்று பாருங்கள். அதை அகற்றிவிட்டு, திரையை அணைத்து, அரைமணி நேரம் கழித்துப் போட்டால், பெரும்பாலான திரைகளில் உள்ள காந்தநீக்கச் சுருள் தானாகவே அதைச் சரிசெய்துவிடும்.

படம் நீரில் தெரியும் நிழல் போல ஆடினால்: திரையைக் குற்றம் சொல்லாதீர்கள், பக்கத்துச் சுவரைப் பாருங்கள். அங்கே பற்றவைப்பு எந்திரத்தின் மின்மாற்றி இருக்கலாம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறுகிறது. திரை வினாடிக்கு 60 முறை வரைகிறது. இரண்டின் வேறுபாடான 10 முறை படம் ஆடும். திரையை இரண்டடி நகர்த்தி வைத்தாலே ஆட்டம் குறைவதைக் காணலாம்.

படம் மெல்ல மெல்ல, மங்கலாக வந்தால்: சுவிட்சைப் போட்டுப் பல நிமிடங்கள் கழித்தே படம் தெரிகிறது. ஒளியைக் கூட்டினால் எழுத்துகள் மை கசிந்தாற்போல் பரவுகின்றன. ஆனால் படத்தின் அளவும் வடிவமும் சரியாகவே உள்ளன. இதுவே எதிர்முனை தேய்ந்துபோனதன் அடையாளம். மேலே கண்ட ஆறு நோய்களில், படக்குழாயின் முதுமை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான்!

உப்பு செய்யும் வேலை

இனி நம் பட்டறைக்குத் திரும்புவோம். அங்கே தோன்றிய நோய் இந்த ஆறில் எதிலும் அடங்கவில்லை. சீற்றம், வாடை, கலங்கிய எழுத்து. அதுவும் ஈரமான காலையில் மட்டும். இது வடசென்னைக் கடற்கரைக்கே உரிய ஏழாவது நோய்.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கரையில் தொழில் வளர்ந்தது கடலை நம்பித்தான். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. இத்தகைய பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து தரச் சிறு பட்டறைகள் பல எழுந்தன. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்தது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் எரிக்கிறது. ஆகவே இங்கே வீசும் காற்றில் கடலின் உப்பும் உண்டு. கரியும் சாம்பலும் உண்டு.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களாகின்றன. பழைய திரையின் பின்புறத்தில் காற்றோட்டத்திற்காகத் துளைகள் உள்ளன. அவற்றின் வழியாக இத்துகள்கள் உள்ளே நுழைகின்றன. உயர் மின்னழுத்தம் உள்ள பொருள் தூசியை ஈர்க்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதும் இதே தன்மையால்தான். எனவே உப்பும் கரித்தூசியும் வேறெங்கும் போகாமல், மிக ஆபத்தான இடத்திலேயே போய்ச் சேர்கின்றன. அந்த இடம், 25,000 வோல்ட் கம்பி குழாயினுள் நுழையும் இரப்பர் மூடியும் அதனைச் சுற்றியுள்ள கண்ணாடியும் ஆகும்.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் காலை நேர ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அப்போது இரப்பர் மூடியைச் சுற்றியுள்ள தூசிப் படலம் முழுவதும் மெல்லிய மின்பாதையாக மாறிவிடுகிறது. உயர் மின்னழுத்தம் அதன் வழியே கசிகிறது. அந்தக் கசிவின் ஓசைதான் 'உஸ்'. கசியும் மின்சாரம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றுகிறது. மூக்கைத் துளைத்த வாடை அதுவே. மின்னழுத்தம் நிலைகொள்ளாமல் தள்ளாடுவதால் கற்றை கூர்மை இழக்கிறது, எழுத்து கலங்குகிறது.

எந்திரம் ஓட ஓட உள்ளே சூடு ஏறுகிறது. வெயிலும் ஏறுகிறது. ஈரம் உலர்ந்ததும் உப்பு மீண்டும் கடத்தாப் பொருளாகிவிடுகிறது. படம் தெளிகிறது. புதிர் விடுபட்டது!

காலத்தையும் கேளுங்கள்

பழுது எப்படி இருக்கிறது என்பதைப் போலவே, எப்போது வருகிறது என்பதும் முக்கியம்.

குளிர்ந்திருக்கும்போது பழுதாகி, சூடேறியதும் சரியானால் மூன்று பேர் மீது சந்தேகம் கொள்ளலாம். வற்றிய மின்தேக்கி, தேய்ந்த எதிர்முனை, ஈர உப்பு ஆகியவையே அம்மூன்றும். மின்தேக்கியும் எதிர்முனையும் சித்திரையிலும் தொல்லை தரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தொல்லை என்றால் உப்புதான்.

இதற்கு நேர்மாறாக, முதலில் நன்றாக இருந்து, சூடேறியதும் பழுதானால், எங்கோ ஒரு பற்றாசில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்று கொள்ளலாம். சூட்டில் உலோகம் விரிவதால் இணைப்பு விலகுகிறது. பெட்டியின் பக்கத்தில் விரலால் மெல்லத் தட்டும்போது படம் வெட்டினால் ஐயம் உறுதிப்படும்.

ஆகையால், பழுதான திரைக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாள், மணி, மழையா வெயிலா, பழுது எந்த வடிவில் வந்தது, எப்போது தெளிந்தது என்று ஒரு வாரம் எழுதிவாருங்கள். நூறு ரூபாய் கூடச் செலவில்லாத இந்தக் கருவி, பழுதுபார்ப்பவரின் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

நீங்கள் செய்யத்தக்கது, செய்யத்தகாதது

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வடத்தின் முனையைக் கழற்றி ஊசிகளைப் பார்க்கலாம். கடலோரத்தில் அவற்றின் மீது பச்சைக் களிம்பு ஏறியிருப்பது இயல்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் விரைவாக ஏறும். வேறொரு வடத்தை மாட்டிப் பாருங்கள். முடிந்தால் அதே வகைத் திரை ஒன்றைக் கணிப்பொறியில் இணைத்துப் பாருங்கள். அதிலும் அதே பழுது தெரிந்தால் திரை குற்றமற்றது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, சோதனையின் முதல் விதி.

ஆனால் பெட்டியின் மூடியைக் கழற்றாதீர்கள். இது அச்சுறுத்தல் அன்று, கணக்கு. படக்குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் கரிப்பூச்சு உள்ளது, நடுவில் கண்ணாடி. எனவே குழாயே ஒரு மின்தேக்கியாகி, சுவிட்சை நிறுத்திய பிறகும் நெடுநேரம் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். அது தூக்கி எறியும் அதிர்ச்சியைத் தரும். அதைவிடக் கொடியது ஒன்று ஓசையின்றி அருகிலேயே இருக்கிறது. மின்வழங்கியின் பெரிய மின்தேக்கியில் 230 வோல்ட் மின்சாரம் திருத்தப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்கி நிற்கிறது. மின்னழுத்தம் குறைவுதானே என்று ஏமாறக் கூடாது. தேங்கியுள்ள ஆற்றல் குழாயில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கை வழியே மார்பைக் கடந்தால் உயிரையே பறிக்கும்.

மேலும் குழாய்க்குள் இருப்பது வெற்றிடம். 14 அங்குலத் திரையின் முகப்பை மட்டுமே காற்று சுமார் 600 கிலோ விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. 12 சிமெண்டு மூட்டைகளின் பளு! கழுத்தில் ஓர் அடி விழுந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். திறந்து துடைப்பது, மின்னேற்றத்தை முறையாக இறக்கத் தெரிந்த பயிற்சி பெற்றவரின் வேலை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது முதல், படக்குழாயோடு பழகிய கைகள் நம் ஊரில் உண்டு. அந்தத் தலைமுறை மூத்துவருகிறது. அவர்கள் இருக்கும்போதே இந்த அறிவைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

உண்மையிலேயே குழாய் தேய்ந்துவிட்டால்? அப்போதும் எந்திரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. பழைய எந்திரத் திரைகள் பலவும் வினாடிக்கு 31,500க்குக் குறைவான கோடுகளையே வரைகின்றன. புதிய தட்டைத் திரைகள் பெரும்பாலும் அந்தக் குறைந்த வேகத்தை ஏற்பதில்லை. நேராக இணைத்துப் பார்த்து, படம் வரவில்லை என்று கைவிடுவோர் உண்டு. இடையில் வேகத்தை மாற்றித் தரும் மின்சுற்று அட்டை ஒன்றை வைத்தால் தட்டைத் திரையிலேயே படம் தெரியும்.

கழித்த குழாயைக் காயலான் கடையில் போட்டு உடைக்க விடுவது பெரும் தீங்கு. செம்புச் சுருளுக்காக உடைக்கிறார்கள். ஆனால் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கக்கூடும். உடைத்த தூளை மூச்சில் இழுப்பதும், தூள் படிந்த கையால் உண்பதும் ஈயத்தை உடலுக்குள் சேர்க்கும். ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மின்னணுக் கழிவுகளுக்கான விதிகள் நம் நாட்டில் 2012 மே முதல் நடப்பில் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முழுக் குழாயாகவே ஒப்படைப்பதுதான் முறை.

நம் பட்டறையில் என்ன நடக்கும்? பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, மின்னேற்றத்தை இறக்கி, இரப்பர் மூடியையும் கண்ணாடியையும் துடைத்து உலர்த்துவார். அரைநாள் வேலை. மறுநாள் ஈரக் காலையிலும் எழுத்துகள் தெளிவாக நிற்கும். குழாய்க்குப் பழுதே இல்லை. "டியூப் போயிடுச்சு" என்ற ஒரு சொல்லை நம்பியிருந்தால், இன்னும் பல ஆண்டுகள் சோறு போடும் எந்திரம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

பழையது என்பதாலேயே ஒரு பொருள் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது எப்போது தடுமாறுகிறது, எப்படித் தடுமாறுகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் அறிவியலின் முதற்படி அதுதான்.